திரைக்குப் பின்னால் ஒரு குண்டு பல்பு

இருட்டறை. எதிரே ஆறடி உயரம், எட்டடி அகலத்தில் ஒரு திரை. எங்கிருந்தோ கிளம்பி வருகிறது ஒரு பச்சை. மெலிகிறது, மடிகிறது, தன் மேலேயே புரண்டு நீலமாகிறது. அந்த நீலத்தின் ஓரத்தில் செம்பொன் கோடு ஒன்று முளைத்து, அகன்று, சிவந்து, கரைந்து போகிறது. இது மலர், இது மேகம், இது மனித முகம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது!

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1964 முதல் 1980களின் தொடக்கம்வரை இந்தத் திரை இருந்தது. பார்க்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. படைப்பின் பெயர் ‘லூமியா சூட், ஓபஸ் 158’. செய்தவர் தாமஸ் வில்ஃபிரெட்.

இது சினிமா இல்லை. பின்னால் பிலிம் சுருள் ஓடவில்லை. கணினி கிடையாது, வீடியோ கிடையாது. 1964இல் ஒரு கலைஞர் மணிக்கணக்காக, நாள்கணக்காக, ஒரு முறை வந்த தோற்றம் இன்னொரு முறை வராதபடி வண்ணத்தை ஓடவிட்டிருக்கிறார். எப்படி? இந்தக் கேள்விக்காகவே பெட்டியின் பின்பக்கக் கதவைத் திறக்கப் போகிறோம். திறந்தால் மாயம் கலைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். உள்ளே இருப்பது முன்னால் தெரிவதைவிடப் பெரிய ஆச்சரியம்.

முதலில் கண்ணில் படுவது ஒரு பல்பு. நம் குண்டு பல்பின் குடும்பம்தான். உள்ளே சூடேறி ஒளிரும் டங்ஸ்டன் இழை. அதற்கு முன்னால் வட்டமான கண்ணாடித் தட்டு ஒன்று நிதானமாகச் சுற்றுகிறது. ஒளி ஊடுருவும் சாயங்களைக் கொண்டு வில்ஃபிரெட் தன் கையாலேயே அந்தக் கண்ணாடியில் தீட்டியிருக்கிறார். ஓரிடத்தில் அடர் சிவப்பு, அதையொட்டி வெறும் கண்ணாடி, பிறகு மெல்லிய ஊதா. அதைத் தாண்டினால், வளைத்தும் நெளித்தும் மினுக்கியும் வைத்த உலோகத் தகடுகள். அவையும் சுற்றுகின்றன, ஆனால் வேறு வேகத்தில். இவற்றையெல்லாம் இயக்கச் சிறு மோட்டார்கள், பல்சக்கரங்கள், ஒயர்கள். கடைசியாக, ஒளி கசிந்து வரும்படியான திரை. ஒளி பின்பக்கத்திலிருந்து அதன்மேல் விழுகிறது. நாம் முன்பக்கத்தில் உட்கார்ந்து வாய்பிளந்து பார்க்கிறோம்.

அவ்வளவுதான். பல்பு, கண்ணாடி, தகடு, மோட்டார், திரை. விலை உயர்ந்த பொருள் என்று இதில் ஒன்றுகூட இல்லை!

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். முன்னால் மிதந்து போகிறதே அந்த ஒளித்துகில், அதன் மூலம் எது தெரியுமா? பல்புக்குள் இருக்கும் அந்தச் சின்ன இழைதான். முகம் பார்க்கும் தட்டையான கண்ணாடி, இழையின் உருவத்தை அப்படியே காட்டும். வளைந்த தகடு அப்படிக் காட்டாது. ஓரிடத்தில் நீட்டும், ஓரிடத்தில் விசிறும், ஓரிடத்தில் ஒளியையெல்லாம் குவித்துக் கூர்மையான கோடாக்கும். எவர்சில்வர் டம்ளரில் பாலை ஊற்றி விளக்கடியில் வைத்தால், பாலின் மேல் இரண்டு வில்கள் வந்து ஒரு முனையில் சேர்வதுபோல் பளிச்சென்று ஒரு கோடு தெரியுமே, அதே இயற்பியல்தான். டம்ளரின் வளைவு ஒரே வளைவு. வில்ஃபிரெட்டின் தகட்டிலோ ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு வளைவு. போதாததற்கு அது சுழலவும் செய்கிறது. ஆகவே அந்தக் கோடு பிறக்கிறது, இரண்டாகிறது, விரிகிறது, ஒன்றையொன்று கடந்து போகிறது. ஒரு தகட்டை எங்கே எவ்வளவு நெளித்தால் திரையில் என்ன நடக்கும் என்று அறிய அந்தக் காலத்தில் எந்தச் சூத்திரமும் கைகொடுத்திருக்காது. நெளித்துப் பார்க்க வேண்டும், விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், மறுபடி நெளிக்க வேண்டும். ஓவியர் தூரிகையால் செய்வதை இவர் உலோகத்தின் வளைவால் செய்தார்.

இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? டார்ச் விளக்கு, பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளிப் பளபளப்பு உறை, நாடக மேடைக்காரர்கள் விளக்கின் முன் செருகும் ஜெலட்டின் தாளில் இரண்டு துண்டு. இவற்றோடு அறையை இருட்டாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உறையை லேசாக வளைத்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, சுவரைப் பார்த்தால்... அடடா! சுவரில் மஞ்சளும் நீலமுமாக ஒரு திரைச்சீலை தொங்கி அசைகிறது. விரலை மயிரிழை நகர்த்தினால் முழுத் தோற்றமும் மாறிவிடுகிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்றைக்கே செய்து காட்டுங்கள். ஆனால் அழகான ஒரு தோற்றம் வந்ததும் அதை மறுபடி வரவழைக்க முயன்று பாருங்கள். முடியவே முடியாது. வில்ஃபிரெட் சாதித்தது அங்கேதான் இருக்கிறது. அவர் அழகைத் தற்செயலாகப் பிடித்தவர் அல்ல. பிடித்ததைப் பல்சக்கரத்தில் பூட்டி, வேண்டியபோது வேண்டிய வேகத்தில் வரவைத்தவர்.

யார் இவர்? டென்மார்க்கின் நேஸ்ட்வெட் ஊரில் 1889இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ரிச்சர்ட் எட்கர் லோவ்ஸ்ட்ரோம். ஓவியமும் இசையும் படித்தார். பதினாறு வயது வாக்கில், 1905இல், ஒரு சுருட்டுப் பெட்டியும் ஒரு சிறு மின்விளக்கும் சில வண்ணக் கண்ணாடித் துண்டுகளும் வைத்துக்கொண்டு ஒளியோடு விளையாட ஆரம்பித்துவிட்டார். அருங்காட்சியகத்துப் பெட்டியின் மூல வடிவம் அந்தச் சுருட்டுப் பெட்டிதான்! ஆனால் சோறு போட்டது ஒளி அல்ல, பாட்டு. லூட் என்ற நரம்பிசைக் கருவியை மீட்டிப் பழைய நாட்டுப்பாடல்களைப் பாடும் கலைஞராகவே மேடைகளில் அவர் பெயரெடுத்தார். 1916இல் அமெரிக்கா போனார். அங்கே கிளாட் பிராக்டன் என்ற கட்டடக் கலைஞரின் நட்பு கிடைத்தது. பிராக்டன், நம் அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் பிரம்மஞான சபையின் சிந்தனையில் ஊறியவர். ஒளியை ஆன்மிக அனுபவமாக்க வேண்டும் என்ற கனவு அவருக்கு. அந்த வட்டத்தின் ஆதரவில், லாங் ஐலண்டில் கிடைத்த ஒரு பட்டறையில், வில்ஃபிரெட் தன் முதல் பெரிய கருவியைக் கட்டத் தொடங்கினார். அதன் பெயர் கிளாவிலக்ஸ்.

கிளாவிலக்ஸின் முன் வில்ஃபிரெட் உட்காரும் காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். ஆர்கன் வாசிப்பவர்போல் வரிசை வரிசையாக நகர்த்துகட்டைகள் முன்னால். ஒன்று விளக்கைக் கூட்டும், ஒன்று வண்ணத்தை மாற்றும், ஒன்று உருவத்தைச் சுழற்றும். கையால் ‘வாசிக்க’ வேண்டிய கருவி இது. தன் ஒளிப் படைப்புகளை எழுதிவைக்க இசைக்கு இருப்பதுபோல் ஒரு குறியீட்டு முறையைக்கூட உருவாக்கிக்கொண்டார். 1922 ஜனவரி 10ஆம் தேதி, நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் அரங்கில் முதல் பொதுக் காட்சி. பிறகு அமெரிக்க நகரங்கள், அடுத்து ஐரோப்பா.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வண்ணத்தை வாசிக்கும் கருவி என்ற ஆசை வில்ஃபிரெட்டுக்கு முன்பே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் காஸ்டெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கட்டையை அழுத்தினால் வண்ணம் தெரியும் இசைக்கருவி ஒன்றுக்குத் திட்டம் போட்டார். ரஷ்ய இசைமேதை ஸ்கிரியாபின் தன் ‘ப்ரோமிதியஸ்’ படைப்பில் வண்ண ஒளிக்கென்றே தனியாகச் சுரவரி எழுதினார். 1915இல் நியூயார்க் கார்னகி அரங்கில் அது வண்ண ஒளியோடு அரங்கேறியது. இவர்கள் எல்லோரும் ஒரு சுரத்துக்கு ஒரு நிறம் என்று கட்டிப்போட்டவர்கள். இந்த ஸ்வரத்துக்குச் சிவப்பு, அந்த ஸ்வரத்துக்குப் பச்சை என்று. வில்ஃபிரெட் அந்த முடிச்சை அவிழ்த்தார். இசைக்காரராக இருந்தும் அவிழ்த்தார்! ஒளிக்கு இசையின் துணை வேண்டாம், அது தன் காலிலேயே நிற்கும் என்றார். அவருடைய காட்சிகள் பெரும்பாலும் முழு நிசப்தத்தில் நடந்தன. 1926இல் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கியின் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவோடு சேர்ந்து ‘ஷெஹரசாடே’ இசைப்படைப்புக்கு ஒளி வாசித்ததுபோன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் லூமியா என்று அவர் பெயரிட்ட கலைக்கு வடிவம், வண்ணம், அசைவு ஆகிய மூன்றுமே போதும் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். அவர் எடுத்த மிகப் பெரிய முடிவு இதுதான் என்பது என் எண்ணம். இசையைத் துணைக்கு வைத்திருந்தால் லூமியா மேடை அலங்காரமாக முடிந்திருக்கும். தனியே நிறுத்தியதால்தான் அது ஓவியக்கூடத்துச் சுவருக்கு வந்தது.

சரி, வீட்டுக்கு வருவோம். 1930 வாக்கில் வீட்டுக்கூடத்தில் வைக்கத்தக்க கிளாவிலக்ஸ்களையும் செய்தார். பார்த்தால் அழகான மர அலமாரி. கதவைத் திறந்தால் திரை. நாற்காலியில் சாய்ந்தபடியே வேகத்தையும் வெளிச்சத்தையும் மாற்ற ஒயர் கட்டிய கைப்பெட்டி ஒன்றும் உண்டு. ரெக்கார்டு மாற்றுவதுபோல், தீட்டிய கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். வரவேற்பறையில் தொலைக்காட்சிப் பெட்டி வந்து உட்காருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பு! ஆனால் பொருளாதார மந்தம் அமெரிக்காவை உலுக்கிய நேரம் அது. செய்தவை இருபதைக்கூடத் தொடவில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். ஊரெங்கும் வீடுகளில் அந்த அலமாரி இருந்திருந்தால், திரை என்றாலே கதையும் செய்தியும்தான் என்று நாம் பழகியிருக்க மாட்டோம்.

கையால் வாசித்துக்கொண்டிருந்தவர் பிற்பாடு தானே ஓடும் பெட்டிகளில் முழுக்கவனத்தையும் செலுத்தினார். அங்கேதான் பின்கட்டு ரகசியங்களில் பெரிய ரகசியம் வருகிறது. காலத்தை எப்படி நீட்டுவது?

பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு போட்டோமே, நினைவிருக்கிறதா? அதேதான்! ஒரு தட்டு 7 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது 11 நிமிடத்தில். மூன்றாவது 13 நிமிடத்தில். மூன்றும் ஒரே இடத்தில் புறப்பட்டால், மறுபடி அதே நிலையில் ஒன்றுசேர 1001 நிமிடம் ஆகும். அதாவது 16 மணி 41 நிமிடம். இன்னும் ஒரு சக்கரம், 17 நிமிடச் சுற்றில். 11 நாளைத் தாண்டிவிடும். 19 நிமிடத்துக்கு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால் 224 நாள்! ஐந்தே சக்கரங்கள், ஏழு மாதத்தைத் தாண்டும் காட்சி. இந்த எண்கள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் வேகம் ஒத்துப்போகாத சுழற்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது என்ற வழி வில்ஃபிரெட்டுடையதே.

அவர் தந்த கால அளவுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. 1955இல் செய்த ‘ஆஸ்பிரேஷன், ஓபஸ் 145’: 42 மணி 14 நிமிடம் 11 விநாடி. அந்த 11 விநாடியைக்கூட விடவில்லை பாருங்கள்! கிளெய்ரால் என்ற தலைமுடிச் சாய நிறுவனத்தின் அலுவலகத்துக்காக 1959இல் செய்த ‘ஸ்டடி இன் டெப்த், ஓபஸ் 152’: 142 நாள் 2 மணி 10 நிமிடம். இது இன்று வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் பார்த்தோமே அந்த லூமியா சூட், அது முழுச் சுற்று வர எடுத்துக்கொள்வது 9 ஆண்டு 127 நாள் 18 மணி நேரம். ஏறத்தாழ 49 லட்சம் நிமிடம்! அதுவும் இடைவிடாமல் ஓடினால். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் மட்டும் ஓடவிட்டால் ஒரு சுற்று முடிய 28 ஆண்டு பிடிக்கும். நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் காட்சியில் வைத்திருந்த காலம் இருபது ஆண்டுக்கும் குறைவு. குழந்தையாக அதைப் பார்க்கப் போனவருக்கு, தன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனபோதும் பார்த்திராத வண்ணமே எதிரில் வந்திருக்கும்.

ஒரு நிலையான ஓவியத்துக்கு அருங்காட்சியகச் சீட்டில் உயரம், அகலம் எழுதுவார்கள். இவருடைய படைப்புக்கு நாள், மணி, நிமிடம் எழுத வேண்டியிருக்கிறது. காலத்தை அவர் நீளம், அகலம்போல் ஓர் அளவாகவே கையாண்டார். திரையும் அவருக்கு வெறும் சமதளப் பரப்பு அல்ல, முடிவில்லாத வெளியை நோக்கித் திறந்த சன்னல். அந்த வெளியில் ஏதோ ஒன்று நமக்காகக் காத்திராமல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டேயிருக்கிறது. நாம் வந்த நேரத்தில் எட்டிப்பார்க்கிறோம்.

கலை உலகம் அவரைக் கண்டுகொள்ளாமல் இல்லை. நவீனக் கலை அருங்காட்சியகம் 1942இலேயே அவருடைய ‘வெர்டிகல் சீக்வென்ஸ், ஓபஸ் 137’ஐ வாங்கிவிட்டது. 1952இல் அங்கே நடந்த ‘15 அமெரிக்கர்கள்’ கண்காட்சியில் அவருடன் இடம்பெற்ற பெயர்களைக் கேளுங்கள்: ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ, கிளிஃபர்ட் ஸ்டில். அந்த மூன்று ஓவியர்களின் பெயரும் கலை வரலாற்றுப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. பல்பு வைத்துப் படம் காட்டியவரின் பெயர்தான் பிற்பாடு மங்கிப்போனது. 1968இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் நயாக் ஊரில் அவர் காலமானார்.

ஆனால் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய பெட்டிகளின் முன் மயங்கி நின்றவர்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்ல! அங்கே ஒளியைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டரெல். இன்று அரிசோனா பாலைவனத்தில் ஓர் எரிமலை வாயையே வான் பார்க்கும் கலைக்கூடமாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். இன்னொருவர் ஜோஷுவா வைட். 1960களின் கடைசியில் நியூயார்க்கின் ராக் இசை மேடைகளுக்குப் பின்னால் திரவ வண்ணங்களைப் பொங்கவிட்ட ‘ஜோஷுவா லைட் ஷோ’ அவருடையது. மூன்றாமவர் யூஜின் எப்ஸ்டைன் என்ற வானியலாளர். விண்ணை ஆராய்ந்த அந்த மனிதர் இந்தப் பெட்டிகளிடம் மனதைப் பறிகொடுத்து, ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார். இன்று வில்ஃபிரெட்டின் படைப்புகள் இத்தனை மிஞ்சியிருப்பதற்கு அவர் குடும்பத்தின் சேகரிப்பு ஒரு பெரிய காரணம்.

மிஞ்சுவது என்பது இங்கே லேசான காரியம் அல்ல. கேன்வாஸ் ஓவியத்தைத் தூசியும் வெயிலும் படாமல் வைத்தால் போதும். இது ஓட வேண்டிய பொருள், ஓடினால் தேயும். பல்பின் சூடு கண்ணாடிச் சாயத்தை வாட்டும். மோட்டார் தேய்ந்தால் வேகம் மாறும், வேகம் மாறினால் அந்த 9 ஆண்டுக் கணக்கே குலைந்துபோகும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பல்பு! குண்டு பல்பு கடைகளிலிருந்து மறைந்துகொண்டே வருகிறது. எல்இடி போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் திரையில் மிதப்பதே இழையின் உருவம்தான் என்று பார்த்தோமே. இழை இல்லாத விளக்கைப் போட்டால் துகிலும் இல்லை. இழையின் நீளமோ வளைவோ கொஞ்சம் மாறினாலும் அது வில்ஃபிரெட் கண்ட காட்சி அல்ல.

அதனால்தான் 2017இல் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் நடத்திய கண்காட்சியைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குதூகலம் பொங்குகிறது. பல பத்தாண்டுகள் கிடங்கில் ஓய்ந்து கிடந்த லூமியா சூட்டை யேலின் பாதுகாப்பு வல்லுநர்களும் நவீனக் கலை அருங்காட்சியகத்தாரும் சேர்ந்து உயிர்ப்பித்தார்கள். வீட்டு அலமாரிக் கிளாவிலக்ஸ்களும் சுவர்ப் பெட்டிகளும் ஒரே கூரையின்கீழ் மறுபடி ஓடின. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கண்காட்சி வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்துக்கும் போயிற்று.

அமெரிக்காவுக்குப் போக வழியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். டெரன்ஸ் மாலிக் இயக்கிய ‘தி ட்ரீ ஆஃப் லைஃப்’ படம் 2011இல் வந்தது. அதைப் போட்டுத் தொடக்கத்தை மட்டுமாவது பாருங்கள். கருமையின் நடுவே செம்மஞ்சளாக ஒன்று அசையும், தீயும் இல்லை, மலரும் இல்லை. கணினியில் வரைந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அது வில்ஃபிரெட்டின் ‘ஓபஸ் 161’. 1965–66இல் செய்தது. முழுச் சுற்றுக்கு 1 ஆண்டு 315 நாள் 12 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பெட்டி. படத்தில் நமக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு துளிதான். பல்பும் கண்ணாடியும் தகடும் எங்கே என்னென்ன செய்கின்றன என்று இப்போது உங்களால் சொல்லிவிட முடியும்!